நல்ல காலில் போட்ட கட்டு

வெல்டரின் தங்கை விழுந்து கெட்டவள் இல்லை, நடந்து கெட்டவள். இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. டீக்கடையில் சொல்லியிருக்கிறார். முடிவெட்டும் கடையில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சொல்லியிருக்கிறார். கேட் செய்யச் சொல்லி வந்தவர்களிடம், டேப்பின் ஒரு நுனியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு மறுநுனியைப் பிடித்தபடி சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் கேட்டபாடில்லை. "பாவம், பெரிய ஆட்டக்காரி. எம்பிக் குதிச்சா, விழுந்தா, கால் போச்சு. எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்குக் கம்பி நெருக்கமாக வைப்பதா அகலமாக வைப்பதா என்ற பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

விதி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கையிலிருக்கும் சுத்தியல் கனக்கும். விதிக்கு அங்கே என்ன வேலை? ஐஸ் கட்டியை மாற்றி வைத்த ஒருவன் இருந்தான். "ஏதோ ஒரு கால்" என்று சொன்ன பெரிய மனுஷன் ஒருவர் இருந்தார். இவர்கள் இரண்டு பேரையும் தூக்கிச் சாப்பிடுகிற குற்றவாளி ஒருத்தி இருந்தாள். அவள்தான் அவருடைய தங்கை.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்தோடு சரி. தெருவுக்கும் ஆட்டத்துக்கும் அவள் நெட்டை. பாவாடை சட்டை போடுகிற வயதிலேயே அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர் அவளை அண்ணாந்து பார்த்துத்தான் திட்ட வேண்டியிருந்தது. "கொஞ்சம் குனி, திட்டணும்" என்பார். குனிவாள். திட்டை வாங்கிக்கொண்டு மறுபடி நிமிர்ந்துகொள்வாள்.

அப்பா இல்லாத வீடு. வெல்டர் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடப் பையை மாட்டிய ஆணியிலேயே விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனவர். எழுத்துக்கூட்டிப் படிப்பார்; ஆனால் இரும்பு பேசினால் உடனே புரியும். நெட்டையை வாலிபால் ஆட அனுப்பியது அம்மாதான். அதில் பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. "நீ தலையை இடிச்சு இடிச்சு வாசக்கால் தேஞ்சு போச்சு. வெளியே போய் எதையாவது அடிடி" என்றாள் அம்மா. போனாள், அடித்தாள். அடித்த அடியில் கேபிள் கம்பெனிக்காரர்கள் தேடி வந்து வேலை கொடுத்தார்கள்.

அந்தக் கம்பெனி பெண்கள் அணி ஒன்று வைத்திருந்தது. காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போக வேண்டும். சம்பளம் கம்பெனியில், வியர்வை மைதானத்தில். அங்கேதான் குட்டை அவளுக்குத் தோழி ஆனாள். பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பது குட்டையின் வேலை, அதை எதிர்ப்பக்கத்துத் தரையில் இறக்குவது நெட்டையின் வேலை. இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் வந்தால் தராசு நடந்து வருவதுபோல் இருக்கும்.

அந்த அணியில் ஒரு பழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது, அணியில் சேர்ந்த எல்லோரும் கற்றுக்கொண்டது. வலிக்கிற காலில் கட்டுப் போடக் கூடாது, நல்ல காலில்தான் போட வேண்டும். எதிர் அணி கட்டைப் பார்த்ததும் அந்தப் பக்கமாகவே பந்தை அனுப்பும், வலிக்கிற கால்தானே, தடுமாறுவாள் என்று. ஆனால் அது நல்ல கால். பந்து திரும்பி அவர்கள் தலையிலேயே வந்து இறங்கும்.

வெல்டருக்கு இந்தச் சங்கதி அறவே பிடிக்காது. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதைடி இது. உன் வலது முட்டி வீங்கிக் கெடக்கு, நீ இடது முட்டிக்குச் சிங்காரம் பண்றே. டாக்டர் பார்த்தா என்ன சொல்லுவாரு?"

"டாக்டர் எதிர் டீம்ல ஆடலையே அண்ணா."

"வாய் மட்டும் வீங்காம இருக்கு."

"வீங்கினா அதுக்கும் எதிர்ப்பக்கம் கட்டுப் போட்டுக்கறேன்."

அந்த வருடத்து இறுதி ஆட்டம் உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. தகரக் கூரை, நாலு பக்கமும் படிக்கட்டு மாதிரி இருக்கைகள், கத்தினால் கத்தினவன் காதிலேயே திரும்ப வந்து விழும். கடைசி செட். நெட்டை எம்பி ஒரு பந்தை அடித்தாள், பந்து போய்ச் சேர்ந்தது. அவள் இறங்கும்போது வலது கால் மட்டும் முதலில் இறங்கியது, பாதம் ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமுமாக. மேலே உட்கார்ந்திருந்த வெல்டருக்கு அந்தச் சத்தம் கேட்டது. சூடு ஏறாமல் பற்றவைத்த வெல்டு பாரம் ஏறும்போது விட்டுப்போகும் சத்தம் அது. வேறு யாருக்கும் கேட்டதா என்று தெரியாது. அவருக்குக் கேட்டது.

முதலுதவிக்காரன் பெட்டியோடு ஓடி வந்தான். அவன் புதிது. எந்தக் காலில் கட்டு இருந்ததோ அந்தக் காலைப் பிடித்தான். மருந்தை அடித்தான், ஐஸைத் தூக்கி வைத்தான், எல்லாம் இடது காலில். நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்றால் வலைக்கு அந்தப் பக்கம் எதிர் அணிக்காரிகள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெல்டர் எழுந்து நின்று கத்தினார். "யோவ், வலது காலுய்யா. வலது காலு."

கூரைக்குக் கீழே இருந்த இரைச்சலில் அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. சேர வேண்டியவளுக்கு மட்டும் சேர்ந்தது. அவள் படுத்தபடியே மேலே பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. தூக்கிக்கொண்டு போனால் பிறகு யாரும் உள்ளே விட மாட்டார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு எழுந்தாள். எழுந்து நொண்டினாள். இங்கேதான் வெல்டருக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. நல்ல காலை நொண்டினாள். இடது காலை நொண்ட வேண்டும் என்றால் உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலில்தானே போட வேண்டும்? அறுந்துபோன அந்த முட்டியின் மேல் ஏறி நின்று, ஏறி நின்று, பெஞ்சு வரைக்கும் நடந்தாள். பட்ட காலிலே படும் என்பார்கள். பட்ட காலில் தானாகவே படுத்திக்கொண்டவள் இவள் ஒருத்திதான்.

இதோடு விட்டாளா? மாற்று ஆட்டக்காரியை அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்தவள், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயம் என்று வந்ததும் துண்டை உதறிவிட்டு மறுபடி உள்ளே போனாள். சர்வீஸ் அவளுடையது. போட்டாள். எதிர் அணிக்காரிகள் பந்தை எடுத்து, ஐஸ் வைத்த பக்கமாகப் பார்த்து, அவளுடைய இடது பக்கமாகத் திருப்பி அனுப்பினார்கள். அதற்காகத்தானே அவள் நின்றிருந்தாள். எடுத்துக் கொடுத்தாள், குட்டை அதை வலைக்கு மேல் லேசாகத் தட்டிவிட்டாள், ஆட்டம் முடிந்தது. குட்டை ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த அணைப்பில்தான் அவள் விழுந்தாள். ஆகவே அவள் விழுந்தது ஆட்டம் முடிந்து, ஜெயித்த பிறகு. இது யார் காதிலும் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னார். "முதல்ல அறுந்தது ஒரு நார். அதைத் தச்சிருக்கலாம்மா. அதுக்கப்புறம் அந்தக் கால்லயே ஏறி நின்னதுல உள்ளே மெத்தை மாதிரி இருக்கிறதெல்லாம் நசுங்கிப் போச்சு. நடக்கலாம். ஆட முடியாது. முட்டி முழுசா மடங்காது."

"கல்யாணத்துக்கு..." என்று இழுத்தாள் அம்மா.

"கல்யாணத்துக்கு முட்டி எதுக்கும்மா?" என்றாள் கட்டிலில் கிடந்தவள். டாக்டர் சிரித்துவிட்டார், அம்மா அழுதுவிட்டாள்.

மறுநாள் வாலிபால் சங்கத்தின் செயலாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, வாசனை எண்ணெய். கோப்பையை அவள் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். சிகிச்சைக்குச் சங்கம் என்ன செய்யும் என்று வெல்டர் கேட்டார்.

"பழைய அடியை மறைச்சுக்கிட்டு ஆடினா சங்கம் பொறுப்பாகாதுங்க. கட்டுப் போட்டிருந்ததை ஊரே பார்த்துச்சு."

"கட்டு எந்தக் கால்ல இருந்துச்சு? பார்த்தீங்களா?"

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏதோ ஒரு கால்" என்றார்.

அந்த மூன்று வார்த்தைகளைத்தான் வெல்டர் இத்தனை வருடமாகச் சுமக்கிறார். சட்டைப் பையில் ஆணி மாதிரி. குனிந்தால் குத்தும்.

நெட்டை திரும்ப வேலைக்குப் போனபோது கம்பெனியில் அவளைக் கூப்பிட்டு, ஆடுவதற்காக எடுத்தவர்கள் ஆட முடியாவிட்டால் தாங்களாகவே விலகிக்கொள்வதுதான் மரியாதை என்று தேன் தடவிச் சொன்னார்கள்.

"என்னை எடுக்கும்போது கால் மட்டும் எடுத்தீங்களா சார்?" என்றாள் நெட்டை. "கை ரெண்டும் சும்மாத்தான் இருக்கு. வேலை குடுங்க."

கிடங்கில் போட்டார்கள். கையுறையும் ஸ்க்ரூவும் எடுத்துக் கொடுக்கிற வேலை. மேல் தட்டிலிருந்து எதையும் ஏணி இல்லாமல் எடுத்துக் கொடுத்தாள். மூன்றே மாதத்தில் அந்தக் கிடங்கில் ஏணி என்ற ஒன்று இருந்ததே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. குட்டை நாட்டுக்காக ஆடப் போனாள், விமானத்தில் பறந்தாள், மூக்கில் ஒரு தழும்போடு திரும்பி வந்தாள். பிறகு கம்பெனி அணிக்கே பயிற்சியாளர் ஆனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து நெட்டையின் கட்டிலில் குறுக்கே படுத்துக்கொண்டு எல்லோரையும் திட்டுவாள்.

"உனக்கு அன்னிக்கு வலிக்கலையாடி?" என்று ஒருமுறை கேட்டாள்.

"வலிச்சுது. நீ தூக்கற பந்து எப்பவும் ஒரு சாண் குறைச்சலா வரும், அதைவிட அது தேவலாம்."

நெட்டைக்கு ஆட்டத்தை விட்டிருக்க முடியவில்லை. இருக்கையில் உட்கார்ந்து பார்க்கும்போது உதட்டைக் குவித்து விசில் அடிப்பாள். மைதானத்து நடுவர் ஊதுவதற்கு ஒரு நொடி முன்னால் இவள் ஊதியிருப்பாள். அக்கம்பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "அவ்வளவு தெரிஞ்சா நீயே போய் ஊது" என்றான் ஒருவன். அவன் கேலியாகத்தான் சொன்னான். அவள் போய் நடுவர் தேர்வு எழுதி முதல் தடவையிலேயே தேறிவிட்டாள்.

தேறினாளே தவிர, விசில் கைக்கு வரவில்லை. செயலாளர் அவளுக்குக் கோட்டோரம் கொடி பிடிக்கக் கொடுத்தார். பிறகு புள்ளி எழுதும் மேசையில் உட்கார வைத்தார். வலையின் ஓரத்தில் ஓர் இரும்பு மேடை இருக்கும். முதல் நடுவர் அதில் ஏறி நின்றுதான் ஆட்டத்தை நடத்த வேண்டும். அந்த மேடையில் மட்டும் அவளை ஏற்றவில்லை. தேறியவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் மேடையில் நின்று ஓர் ஆட்டமாவது நடத்தாவிட்டால் தேறியது செல்லாது என்று சங்கத்தில் விதி. (இந்த விதி மனுஷன் போட்டது, அதனால் வெல்டர் இதை ஒப்புக்கொள்வார்.) அந்தக் காலம் முடியப்போகிறது. மிச்சம் இருந்தது அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் ஒன்றுதான்.

அரங்கத்தின் கதவுகள், வலைக் கம்பங்கள், எல்லாவற்றையும் சரிசெய்வது வெல்டர்தான். செயலாளரைப் பிடிக்காது என்பதற்காக வேலையை விட்டுவிட முடியுமா? காறித் துப்பிவிட்டு வந்து நன்றாகவே செய்துகொடுப்பார். அன்று கம்பத்துக்கு அளவு எடுக்கப் போனவர் கூடவே நெட்டையும் போனாள். நேரே செயலாளரின் அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வலது காலை நீட்டி உட்கார்ந்தாள். அந்தக் கால் அறையில் பாதியை அடைத்துக்கொண்டது.

"ஃபைனல் எனக்கு வேணும் சார்."

"அதுக்கென்னம்மா, மேசையில..."

"மேசை இல்ல. மேடை."

செயலாளர் வெல்டரைப் பார்த்தார். வெல்டர் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு செட் போனா ரெண்டு மணி நேரம் நிக்கணும்மா."

"நிப்பேன்."

"நிக்கறதுக்கு முன்னாடி ஏறணும்."

"ஏறுவேன்."

"எங்கே ஏறு பாப்போம்னு நான் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"சொல்லுங்க சார். நல்லாத்தான் இருக்கும்."

செயலாளர் பேனாவை மூடித் திறந்தார். "ரெண்டு டீம் கோச்சும் ஒத்துக்கணுமே. ஒரு கோச் உன் சிநேகிதி. எதிர் டீம் சும்மா விடுமா?"

"எதிர் டீம் கோச்சைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். நானும் குட்டையும் பந்துக்காகப் போட்ட சண்டையை அவரு பார்த்திருக்காராம். நான்தான் வேணும்ங்கறாரு."

செயலாளருக்கு வழி அடைத்துப்போயிற்று. "சரி. மேடை ஆடுது, உங்க அண்ணன் கிட்டயே ரிப்பேருக்கு அனுப்பறேன். ஃபைனல் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் ஏறு. ஏறினா விசில் உனக்கு. பக்கத்துல வேற ஒருத்தர் விசிலோட தயாரா நிப்பாரு. ஏறலேன்னா அவரு. அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"எடுக்கல சார்" என்றாள். காலை மடக்காமலே எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

மேடை பட்டறைக்கு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவளுக்கு மேடையே கோணல். ஒரு கால் தேய்ந்து மேடை அந்தப் பக்கம் சாய்ந்தது. அதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. படிதான் வில்லங்கம். மாட்டுக்கொட்டகைக்கு ஏணி செய்கிறவன் எவனோ செய்திருக்கிறான். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே ஆள் நுழைந்து போகலாம். நல்ல காலை மேலே வைத்துக் கையால் இழுத்துக்கொண்டு நெட்டை எழும்பிவிடுவாள். அந்தக் கைகளுக்கு அது ஒரு பாரமா? ஆனால் பின்னால் வருகிற வலது கால் போதுமான அளவு மடங்காது. பெருவிரல் போய்ப் படியின் விளிம்பில் இடித்துக்கொள்ளும், உடம்பு பின்னால் சாயும்.

தினமும் வேலை முடிந்து நேரே பட்டறைக்கு வந்தாள். காலைப் பக்கவாட்டில் கேட் கதவு மாதிரி வீசி ஏறிப் பார்த்தாள். சில தடவை ஏறியது. பல தடவை இல்லை. ஒருநாள் அறுத்துப் போட்ட தகரக் குவியலின் மேல் போய் விழுந்து, எழுந்து உட்கார்ந்து, மேடையை அதன் அப்பன் பாட்டன் வரைக்கும் திட்டினாள்.

"நடுவுல ஒரு படி சேர்த்துடறேன்" என்றார் வெல்டர். "ஒரு மணி நேர வேலை."

"சேர்த்தே, தொலைச்சுடுவேன். எல்லாரும் ஏறின ஏணியிலதான் ஏறுவேன்."

"எல்லாருக்கும் முட்டி மடங்குது."

"எனக்கு மனசு மடங்கல."

"வசனம் பேசாதே. முழங்கையில ரத்தம் வருது, துடை."

அவளிடம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. அதனால் அவர் பேசவில்லை. இறுதி ஆட்டத்தன்று காலையில் மேடையை அரங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அன்று அவள் வேலைக்குக் கிளம்பியதும் இரண்டு குழாயை அறுத்து, தரைக்கும் கீழ்ப்படிக்கும் நடுவில் ஒன்றும், அதற்கு மேலே இரண்டு படிகளுக்கு நடுவில் ஒன்றுமாகப் பற்றவைத்தார். கையால் பிடித்துக்கொள்ள ஓரத்தில் ஒரு கம்பியும் வைத்தார். வெல்டைத் தேய்த்து வழவழப்பாக்கினார். பழைய சாம்பல் பெயிண்டிலேயே எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சு. எது பழசு எது புதுசு என்று அவராலேயே சொல்ல முடியாதபடி ஆயிற்று. தன் வேலையைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பெருமை வந்தது. எவனுக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. வெல்டர் அதே மேல் வரிசையில் போய் உட்கார்ந்தார். நெட்டை வெள்ளைச் சட்டையும் நீலக் கால்சட்டையுமாக வந்தாள். கால்சட்டைக்கு மேலேயே, வலது முட்டியில், பளிச்சென்று ஒரு கட்டுப் போட்டிருந்தாள். வீட்டை விட்டுப் புறப்படும்போது அது இல்லை.

குட்டை அதைத்தான் முதலில் பார்த்தாள். "என்னடி, கட்டை மாத்திக் கட்டியிருக்கே?"

"இத்தனை நாள்தான் மாத்திக் கட்டினோம்" என்றாள் நெட்டை. "தள்ளு, நீ இன்னிக்கு எனக்குச் சிநேகிதி இல்ல."

செயலாளர் வலையோரம் நின்றார். பக்கத்தில் இன்னொரு நடுவர், கழுத்தில் விசிலோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல். நெட்டை மேடைக்குப் போனாள். கம்பியில் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. கீழே பார்த்தாள். தினமும் இடித்துக்கொண்ட விரலுக்குத் தெரியாதா? அரங்கம் அடங்கிப்போயிற்று. ஏற முடியவில்லை என்று நினைத்துவிட்டார்கள். "பாவம்" என்று யாரோ சொன்னது வெல்டருக்குக் கேட்டது. செயலாளர் அடுத்த நடுவரின் தோளில் கையை வைத்தார்.

நெட்டை திரும்பி மேல் வரிசையைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வெல்டு பற்றிக்கொள்ளும். கையை எடுத்துவிடுவாள், இந்த மேடையில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாள் என்று வெல்டர் பயந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் அவர் உதட்டின் மேல் விரலை வைத்தார்.

அவள் மூக்கு விடைத்தது. கோபமா சிரிப்பா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. பிறகு நல்ல காலை எடுத்து அண்ணன் வைத்த படியில் வைத்தாள். கெட்ட கால் பின்னால் வந்து சேர்ந்தது. அடுத்த படி. அதற்கடுத்தது. மேலே போய் நின்று நிமிர்ந்தாள். ஏற்கெனவே நெட்டை, மேடை வேறு. கூரையைத் தாங்க வந்தவள் மாதிரி இருந்தாள். விசில் ஊதினாள்.

ஆட்டம் ஐந்து செட்டுக்கும் போயிற்று, செயலாளர் வேண்டிக்கொண்டது போலவே. கடைசி செட்டில் கம்பெனி அணி ஒரு புள்ளி முன்னால், இன்னும் ஒன்று எடுத்தால் ஜெயம் என்று இருக்கும்போது அவர்களில் ஒருத்தி எம்பித் தடுத்தாள், பந்து எதிர்ப்பக்கம் விழுந்தது. குட்டையின் பெண்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெட்டை விசிலை ஊதி வலையைக் காட்டினாள். தடுத்தவளின் கை வலையில் பட்டுவிட்டது. புள்ளி எதிர் அணிக்கு.

குட்டை பெஞ்சிலிருந்து பாய்ந்து வந்தாள். "எங்கேடி பட்டுச்சு? எந்தக் கை பட்டுச்சு?"

"இடது கை, சுண்டு விரல்" என்றாள் நெட்டை மேலேயிருந்து. "போய் உட்காரு."

"உனக்குக் கண்ணு..."

நெட்டை சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினாள். அரங்கமே எழுந்து கத்தியது. குட்டை வாயைத் திறந்தபடி நின்றாள், பிறகு தன் பெண்ணின் சுண்டு விரலைப் பார்த்தாள், அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த இரண்டு புள்ளியும் எதிர் அணிக்கே போய்க் கம்பெனி அணி தோற்றது.

நெட்டை இறங்கினாள். இறங்கும்போது கெட்ட கால் முன்னால். குட்டை கீழே காத்திருந்தாள். "கால்தான் போச்சுன்னு நெனச்சேன். ஈவு இரக்கமும் போயிடுச்சு" என்று சொல்லி, அவள் இடுப்பில் ஒரு குத்து குத்திவிட்டுப் போனாள்.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். காற்று அடிக்கும் பக்கம் திரும்பத் தெரிந்தவர். தங்கள் சங்கம் வளர்த்த வீராங்கனை இன்று நடுவராக நிற்பதாகப் பூரித்தார். "கால் முழுசா குணமாயிடுச்சு. ஏறினதைப் பார்த்தீங்களா? ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா? யாருக்காவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குள் வெல்டர் மேடையை எடுத்து ஓரம் வைப்பதுபோல் கீழே வந்து நின்றிருந்தார்.

நெட்டை செயலாளரிடம் போய் மைக்குக்காகக் குனிந்தாள். "குணமாகல சார். மடங்காது. வலது கால்" என்றாள். "ஏதோ ஒரு கால் இல்ல. வலது."

கைதட்டல் எங்கே நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றது. செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், மைக் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அவள் அண்ணனிடம் வந்தாள். அவர் பெயிண்ட் ஒட்டிய விரல்களைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"எனக்குச் சொல்லாம ஏன் செஞ்சே?"

"சொன்னா வேண்டாம்பே."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. கட்டுக்கு மேலே முட்டியைக் கையால் அமுக்கிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் நின்ற கால். "அதுவும் எப்படிச் செஞ்சிருக்கே? தேச்சு, ஒரே கலர்ல பெயிண்ட் அடிச்சு. எவனுக்கும் தெரியாத மாதிரி. எனக்கே அந்த வித்தையா? அதைக் கண்டுபிடிச்ச டீம்ல ஆடினவ நான்."

"சரி விடு. காலையில வெட்டி எடுத்துடறேன்."

"யாரு வெட்டச் சொன்னா?"

வெல்டர் அண்ணாந்து பார்த்தார். அவள் வழக்கம்போலக் குனிந்தாள், திட்டு வாங்குவதற்குக் குனிவது மாதிரியே.

"அந்த ரெண்டு படியையும், கம்பியையும், பெயிண்டைச் சுரண்டு அண்ணா. சுரண்டிட்டுச் சிவப்பு அடி. மேல் வரிசையில உட்கார்ந்தவனுக்கும் தெரியணும். யாராவது கேட்டா நெட்டைக்காகப் போட்டதுன்னு சொல்லு. எந்தக் கால்னு கேட்டா, அதையும் சொல்லு."